இஞ்சிக் குடும்பத்தில் ஒரு புதுச் செடி என்றால் என்ன?

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய செடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "டீச்சர், இது எங்க தேயிலை மலைக்கு மேல ஓடைக்கரையில இருந்துச்சு. இஞ்சி மாதிரியே வாசம். ஆனா இஞ்சி இல்ல. இது புதுசா இருக்குமா?"

இடுப்பு உயரத்துக்கு நீண்ட தண்டு, நுனியில் வெள்ளை வெளேரென்று வண்ணத்துப்பூச்சி போல விரிந்த பூ. வகுப்பறை முழுவதும் மணம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் ஈரமான ஓடைக்கரைகளில் புதர் புதராக வளரும் வெள்ளை இஞ்சிப்பூதான் அது. "இதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கும்மா" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். பிள்ளையின் முகம் வாடிப்போனது. அவள் கேட்டது அப்படி ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை. ஒரு செடியைப் புதிது என்று யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள்? அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். அதற்கு அடுப்படி போதும். இஞ்சி, மஞ்சள், ஏலம், தடிமனுக்கு அவிக்கும் அரத்தை, மருந்துக்கடையில் வாங்கும் கச்சோலம், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் ஒரே குடும்பம். தாவரவியலில் இதற்குச் சிஞ்சிபெரேசியே என்று பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்; எங்கள் பாடப்புத்தகம் இதைச் சாதி என்று சொல்லும்), ஏறத்தாழ 1,600 இனங்கள். பெரும்பாலானவை ஆசியாவின் ஈரக் காடுகளில் இருக்கின்றன.

காட்டில் இந்தக் குடும்பத்தை அடையாளம் காண மூக்குத்தான் முதல் கருவி. இலையைக் கொஞ்சம் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால், இஞ்சி வாசமோ ஏல வாசமோ மிளகுக் காரமோ ஏதோ ஒன்று வரும். அடுத்து தண்டைப் பாருங்கள். அது உண்மையான தண்டு இல்லை, வாழையைப் போல இலையடிகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு நிற்பது. வாழையும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவுதான். இலை அந்த உறையோடு சேரும் இடத்தில் நகக்கண் அளவில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கு நீட்டியது போல இருக்கும். அந்தச் சின்ன நாக்கு எவ்வளவு நீளம், நுனி பிளந்திருக்கிறதா, மயிர் உண்டா என்பதை வைத்தே இரண்டு இனங்களைப் பிரித்துவிடுவார்கள். கடைசியாக, இலைகள் இரண்டே வரிசையில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நிற்கும்.

இந்த இடத்தில்தான் தெபு என்ற செடி பலரை ஏமாற்றும். தெபு இலையைச் சுண்டிச் சாப்பிடுகிறோம், பூவும் இஞ்சிக் குடும்பத்துப் பூ மாதிரியே இருக்கிறது. ஆனால் தெபுவின் இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி, சுருள் படிக்கட்டு மாதிரி ஏறும். கசக்கிப் பார்த்தால் வாசமும் இல்லை. முன்பு இதையும் இஞ்சிக் குடும்பத்துக்குள் வைத்திருந்தார்கள். இப்போது பிரித்து, கொஸ்டேசியே என்று தனிக் குடும்பமாக்கிவிட்டார்கள். தெபுவின் சொந்தப் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கொஸ்டஸ் என்று இருந்ததை 2006இல் கைலோகொஸ்டஸ் என்றார்கள், இப்போது ஹெலேனியா என்கிறார்கள். செடி என்னவோ அதே செடிதான்.

சரி, பூவுக்கு வருவோம். அந்தப் பிள்ளை கொண்டுவந்த பூவை மேசை மேல் வைத்து, சேஃப்டி பின்னால் ஒவ்வொரு பாகமாகப் பிரித்தோம். பெரிதாக, அழகாக, இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை. உண்மையான இதழ்கள் மூன்றும் ஒல்லியாக, நாடாத் துண்டு போலப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. முன்னால் விரிந்து நிற்கும் அகன்ற உதடும் இரண்டு பக்கச் சிறகுகளும், மகரந்தம் தரும் வேலையை விட்டுவிட்டு இதழாக உருமாறிய கேசரங்கள். வேலை செய்யும் கேசரம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இன்னொன்றையும் பார்த்தோம். சூலகத்திலிருந்து மேலே வரும் தம்பம் நூல் அளவு மெல்லியது, தனியாக நிற்கத் தெம்பில்லாதது. அது கேசரத்தின் காம்பிலுள்ள பள்ளத்துக்குள் படுத்து, மகரந்தப்பையின் இரு பாதிகளுக்கும் நடுவில் புகுந்து, உச்சியில் தலையை மட்டும் வெளியே நீட்டுகிறது. ஒரே கேசரம், அது தாங்கிப் பிடிக்கும் தம்பம், உருமாறிய உதடு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இஞ்சிக் குடும்பம் என்று துணிந்து சொல்லலாம்.

குடும்பத்துக்குள் போனால் அந்தச் சிறகுகளே அடுத்த வழியைக் காட்டும். வெள்ளை இஞ்சிப்பூவில் அவை பெரிதாக, தனித்தனியாக இருக்கும். நாம் சமைக்கும் இஞ்சியின் பூவில் அவை உதட்டோடு ஒட்டி, உதடே மூன்று மடல் போலத் தெரியும். ஏலப்பூவில் அவை இருந்த தடம் மட்டும் இருக்கும்.

மண்ணுக்கு அடியிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முளைத்த இஞ்சிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கிழங்கு எந்தத் திசையில் ஊர்ந்து போகிறதோ, அதே திசையில்தான் இரண்டு வரிசை இலைகளும் விரிந்திருக்கும். ஏலச்செடியில் இலை வரிசை கிழங்குக்குக் குறுக்கே நிற்கும். ஒன்று தண்டவாளம் மாதிரி நீளவாக்கில், மற்றது சிலிப்பர் கட்டை மாதிரி குறுக்குவாக்கில். இஞ்சி, மஞ்சள், வெள்ளை இஞ்சிப்பூ எல்லாம் முதல் வகை. ஏலம், அரத்தை, காட்டு ஏலங்கள் இரண்டாம் வகை. 2002இல் இந்தக் குடும்பத்தின் மரபணுக்களை ஒப்பிட்டு, குடும்பத்தை நான்கு துணைக்குடும்பங்களாக வகுத்தார்கள். அவற்றில் பெரிய இரண்டையும் இந்தக் கிழங்குக் கணக்கே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆய்வுகூடம் சொன்னதும் மரக்கறித் தோட்டத்தில் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகும்போது வரும் சந்தோஷத்தைப் பிள்ளைகள் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பிரிவுகளும் ஆரம்பத்தில் இல்லை. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்கு இரண்டு சொற்களில் பெயர் வைத்துப் புத்தகம் போட்டபோது இஞ்சியையும் ஏலத்தையும் அமோமம் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இன்று அவை இரண்டும் வெவ்வேறு துணைக்குடும்பம். 1807இல் ஆங்கிலத் தாவரவியலாளர் வில்லியம் ரொஸ்கோ இஞ்சிக்குச் சிஞ்சிபெர் ஒபிசினாலே என்று பெயர் தந்தார், அதுவே நிலைத்தது. அந்தச் சிஞ்சிபெர் என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். கிரேக்கம், பாளி, வடமொழி என்று பின்னால் போகப் போக, கடைசியில் தென்னிந்தியாவின் 'இஞ்சி வேர்' என்ற சொல்லில் போய் நிற்கிறது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஏலத்தின் பேரினப் பெயர் எலட்டாரியா. அது மலபாரில் வழங்கிய 'ஏலத்தரி' என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் அம்மாயி ஏலவிதையை ஏலரிசி என்றுதான் சொல்வார். லத்தீன் பெயர் என்று பயந்து ஒதுங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டையும்தான்.

இலங்கைக்கு இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. 1670களில் ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்த போல் ஹேர்மன் செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்த்தார். இலங்கைப் பக்கமே வராத லின்னேயஸ், ஹேர்மன் விட்டுப்போன அந்தத் தாள்களைப் பார்த்து 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹேர்மன் ஒட்டிய தாள்கள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. முந்நூற்று ஐம்பது வருடத்துக்கு முன் பறித்த இலையை இன்றைக்கும் ஒருவர் போய்ப் பார்த்து ஒப்பிடலாம்.

ஒரு செடியைப் புதிது என்று அறிவிப்பதன் சூட்சுமமே அந்தத் தாளில்தான் இருக்கிறது. இதுவரை யாரும் பார்க்காத செடி என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் செடிக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் இருப்பார்கள், அதன் இலையில் சோறு மடித்தவர்கள் இருப்பார்கள். இதுவரை பெயர் வைத்து எழுதப்பட்ட எந்த இனத்தோடும் இது ஒத்துவரவில்லை என்று ஒருவர் ஒப்பிட்டுக் காட்டி, அதை அச்சில் வெளியிட்டால்தான் அது அறிவியலுக்குப் புதிது. அப்படி வெளியிடும்போது ஒரு காய்ந்த மாதிரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். 'நான் இந்தப் பெயரால் சொல்வது இதைத்தான்' என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு வகைமாதிரி என்று பெயர். காணி உறுதியில் எல்லைக்கல் மாதிரி. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் கல்லிடம்தான் போக வேண்டும். 1935 முதல் 2011 முடியும் வரை புதுச்செடியின் விவரத்தை லத்தீனில் எழுதுவது கட்டாயமாக இருந்தது. 2012இலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம், இணைய இதழில் வெளியிட்டாலும் செல்லும்.

வெள்ளை இஞ்சிப்பூ எப்படிப் பெயர் பெற்றது என்று அந்தப் பிள்ளைக்குப் பிறகு சொன்னேன். லின்னேயஸின் மாணவர் ஜோஹன் கேர்ஹார்ட் கோனிக் என்பவர் தரங்கம்பாடியில் வைத்தியராக இருந்தார். அவர் தந்த விவரம் 1783இல் அச்சானது. ஹெடிகியம் கொரோனேரியம் என்பது அவர் வைத்த பெயர். ஹெடிகியம் என்றால் இனிய பனி. இமயமலைப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி இது, இலங்கையின் சொந்தச் செடி அல்ல. ஓடைக்கரைகளில் அது இவ்வளவு அடர்த்தியாகப் பரவி, இங்கே பிறந்த செடிகளுக்கு இடம் இல்லாமல் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இந்த மண்ணில் பிறந்த இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் துவைட்ஸ் என்ற தாவரவியலாளர். 1849இலிருந்து 1880 வரை பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர். காட்டு ஏலங்கள் பலவற்றை அமோமம் என்று அவர் எழுதிவைத்தார். அமோமம் என்பதே பிறகு பெரிய மூட்டையாகிவிட்டது. ஏலம் மாதிரி இருந்து ஏலம் இல்லாத எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டியிருந்தார்கள். 2018இல் மரபணு ஆய்வு அந்த மூட்டையை அவிழ்த்தது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தவை உண்மையில் வெவ்வேறு கிளைகள் என்று தெரிந்து, அமோமத்தை ஏழு பேரினங்களாகப் பிரித்தார்கள். இலங்கையின் காட்டு ஏலங்கள் பல இப்போது மெய்ஸ்டேரா என்ற பேரினத்தில் இருக்கின்றன. முள்முள்ளான காய் உள்ள ஒன்றின் பெயர் மெய்ஸ்டேரா எகினோகார்பா. எகினோகார்பா என்றாலே முட்காய் என்றுதான் அர்த்தம்.

2024இல் ஏலத்துக்கும் இப்படி நடந்தது. அதுவரை அரத்தையின் பேரினமான அல்பினியாவில் வைத்திருந்த சில செடிகள் ஏலத்துக்கே நெருங்கிய உறவு என்று கண்டு எலட்டாரியாவுக்கு மாற்றினார்கள். கூடவே கேரளத்து மலைகளிலிருந்து இரண்டு புது இனங்களையும் அறிவித்தார்கள். மாற்றப்பட்டவற்றில் ஒன்று எலட்டாரியா என்சல். சிங்களத்தில் ஏலக்காயை எனசால் என்பார்கள், அந்தச் சொல்தான் அது. நம் கடை மிட்டாய்ப் போத்தலில் இருக்கும் ஏலத்துக்கு உடன்பிறப்புகள் யார் என்பதே இரண்டு மூன்று வருடத்துக்கு முன்தான் இவ்வளவு தெளிவானது என்றால், காட்டுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கும்!

காட்டில் ஒன்றைக் கண்டால் என்ன செய்கிறார்கள்? இஞ்சிக் குடும்பத்தில் பெரிய சிக்கல் பூதான். பல இனங்களின் பூ ஒரு நாள்கூடத் தாங்காது. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் குழைந்துவிடும். சதைப்பற்றான அந்தப் பூவைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் காய்ந்து, பழுப்பு நிறக் கறை மாதிரி ஆகிவிடும். உதட்டின் வடிவமும் தெரியாது, சிறகும் தெரியாது. அதனால் இலையையும் தண்டையும் தாளில் காயவைத்து, பூவை மதுசாரத்தில் போட்டு, பறிப்பதற்கு முன்பே படம் எடுத்து, நிறத்தை எழுத்தில் குறித்துவைப்பார்கள். கூடவே இடம், உயரம், தேதி, எந்த மரத்தடியில், பக்கத்தில் தண்ணீர் உண்டா, வாசம் எப்படி. அந்த ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. ஒரு செடியை வாசத்தால் பிரித்துச் சொல்லும் பாட்டிமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கும். திறவுகோல் என்று ஒன்று உண்டு. இரண்டு வழிக் கேள்விகளின் வரிசை. பூ தனித் தண்டில் தரையோடு வருகிறதா, இலைத்தண்டின் நுனியில் வருகிறதா? தரை என்றால் ஐந்தாம் கேள்விக்குப் போ, நுனி என்றால் இரண்டாம் கேள்விக்குப் போ. இலங்கையின் இஞ்சிக் குடும்பத்துக்கு பேர்ட், ஸ்மித் என்ற தாவரவியலாளர் இருவரும் 1983இல் எழுதியதைத்தான் இன்னும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயர்கள் சில மாறியிருந்தாலும் பார்க்கும் பார்வை மாறவில்லை. அந்தத் திறவுகோலில் எங்கும் பொருந்தாமல் போனால் பேராதனைத் தேசிய உலர்தாவரக் களஞ்சியத்துக்குப் போய்ப் பழைய தாள்களோடு ஒப்பிட வேண்டும். தென்னிந்தியச் செடிகளோடும் ஒப்பிட வேண்டும், நம் மலைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் பல செடிகளைப் பங்குபோட்டுக்கொண்டவை. ஒரே ஒரு செடியை வைத்தும் முடிவு கட்டக்கூடாது. நிழலில் வளர்ந்ததால் இலை நீண்டிருக்கலாம், வெயிலால் நிறம் மாறியிருக்கலாம். பல இடங்களில், பல செடிகளில் அந்த வித்தியாசம் மாறாமல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மரபணுவுக்குப் போவார்கள்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒரு கணக்கு. 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதிதாக அறிவிக்கப்படும் பூக்கும் செடிகளில் முதன்முதல் பறித்து ஐந்து வருடத்துக்குள் பெயர் பெறுபவை 16 சதவீதம்தான். கால்வாசி அளவுக்குச் செடிகள் ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் களஞ்சியத்தில், யாரோ எப்போதோ ஒட்டிவைத்த தாளில் காத்திருந்தவை.

எங்கள் மலைகளில் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமை இடமானது. நக்கிள்ஸை மற்ற மலைகளிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கு பிரித்துவைத்திருக்கிறது. ஏலச்செடி அந்தப் பள்ளத்தைத் தாண்டி நடந்து போகாது. அப்படிப் பிரிந்து கிடக்கும் இடத்தில் செடிகள் தம் வழியில் மாறுவது வழக்கம். சைபோஸ்டிக்மா என்று ஒரு பேரினம் இருக்கிறது. அதில் ஒரே ஓர் இனம்தான் உண்டு, உலகத்தில் இலங்கையின் ஈரவலயக் காட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை. ஆனால் அதே நக்கிள்ஸில் ஏலம் பயிரிடுவதற்காகப் பெரிய மரங்களை மட்டும் விட்டுவிட்டு அடியில் இருந்த சின்னச் செடிகளை வெட்டித் துப்புரவாக்கியது பல வருடம் நடந்தது. காட்டு இஞ்சிகள் வாழ்வதே அந்த அடித்தளத்தில்தான். பெயர் வைக்கும் முன்பே போனவை உண்டா என்ற கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்: ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக்கூடாது, கிழங்கைத் தோண்டவே கூடாது. படம் எடு, குறித்து வை, அது போதும்.

அந்தப் பிள்ளை விடவில்லை. இந்த வருடம் மழை தொடங்கியதும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, அதே ஓடைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கும் எல்லை வரைக்கும் நான்கு பேராகப் போனோம். ஆளுயரத்துக்கு ஒரு புதர். இலை ஏலம் மாதிரி, கசக்கினால் மிளகு மாதிரிக் காரம். பூ எங்கும் இல்லை. அரை மணி நேரம் இலைகளுக்கு நடுவில் தேடிப் பார்த்தோம். அப்போது அவள் காலில் ஏறிய அட்டையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே குந்திவிட்டாள். "டீச்சர், பூ கீழ இருக்கு!"

தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அழுகிய இலைகளுக்கு நடுவில், மண்ணோடு மண்ணாக ஒரு கொத்து. வெளிர் மஞ்சள் உதடு, நடுவில் சிவப்புக் கோடு. பக்கத்துச் சிறகுகள் இல்லை. இலை வரிசை கிழங்குக்குக் குறுக்கே நின்றது. அதையெல்லாம் அவளே வரிசையாகச் சொல்லி எழுதிக்கொண்டாள். அன்று இரவு அவள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு திறவுகோலைப் பார்த்தோம். நான்கு கேள்வி தாண்டியது. ஐந்தாவது, காயின் தோல் வழுவழுப்பா, முள்ளா, விளிம்பு கட்டியதா என்று கேட்கிறது. துவைட்ஸ் காலத்திலேயே பெயர் வைத்த ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காய் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.